பற்றீரியாவைக் கொண்டு தகவல் அனுப்புவது எவ்வாறு?

மூலக்கூற்றுத் தொடர்பாடல் என்பது மின்காந்த அலைக்குப் பதிலாக மூலக்கூறுகளைக் கொண்டு செய்தி அனுப்பும் முறையாகும். அதன் ஒரு வகையில் பற்றீரியா, செய்தி பொறிக்கப்பட்ட பிளாஸ்மிட் எனும் டி.என்.ஏ. வளையத்தைச் சுமந்து செல்கிறது.

உடலுக்குள் இயங்கும் மிக நுண்ணிய கருவியின் அன்ரனாவும் நுண்ணியதாகவே இருக்குமாதலால் அதற்கு மிக உயர்ந்த அதிர்வெண் தேவைப்படும். அத்தகைய மின்காந்த அலையை உடலிலுள்ள நீர் பெரிதும் உறிஞ்சிவிடும். மூலக்கூறுகளைத் தாமாகப் பரவவிட்டாலோ, தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. ஆனால் ஈ. கோலை பற்றீரியா சவுக்குமுளைகள் எனும் வால் போன்ற நுண்ணிழைகளைச் சுழற்றி, செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மைக்ரோமீற்றர் வரை நீந்தும். சற்று நேரே ஓடி, குட்டிக்கரணமடித்துத் திசை மாறும் அது, பெறுமிடத்திலிருந்து வரும் ஈர்ப்புப் பொருளின் செறிவு கூடக்கூடக் கரணங்களைக் குறைத்து அப்பக்கமே தொடரும். சேர்ந்ததும், அங்குள்ள பற்றீரியாவுடன் இணைந்து பிளாஸ்மிட்டின் பிரதியைக் கையளிக்கும்.

யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ் கொண்டக்டரிடம் பொதியொன்றைக் கொடுத்துவிடுவதை இது ஒக்கும்: உள்ளே இருப்பது அவருக்குத் தெரியவேண்டியதில்லை, இறக்குமிடம் தெரிந்தாற் போதும். இங்கோ பல கொண்டக்டர்கள் வழிதவறுவர். ஆகவே ஒரே செய்தியைப் பெருந்தொகைப் பற்றீரியாக்களிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

இது இணையத்துக்கு மாற்றாகும் எனச் சிலர் கருதுவது தவறு. ஒரு மில்லிமீற்றரைக் கடக்கவே நிமிடக்கணக்கில் எடுக்கும் இம்முறை, நுண்கருவிகளுக்கிடையிலான மிகக் குறுகிய தூரத்துக்கே உரியது.