பெட்ரோல் பங்க் குடும்பத்துப் பிள்ளை என்ன படிக்கலாம்? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீண்ட கடிதம் எழுதியிருந்தீர்கள். அதில் இருப்பது மூன்று கேள்விகள்: மின்வாகனங்கள் பெருகிவரும் காலத்தில் பெட்ரோல் பங்க் தொழில் நிற்குமா? மகன் ஆசைப்படும் கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் சேர்க்கலாமா? படிப்பை விட்டுவிட்டு இப்போதே பங்க் நிர்வாகத்தில் உட்காரவைப்பது நல்லதா? விண்ணப்பத் தேதி நெருங்குவதால் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தாராளமாகச் சேர்க்கலாம். "எண்ணெய்க் கம்பெனியெல்லாம் பத்து வருஷத்தில் மூடிவிடும்" என்று உங்கள் மைத்துனர் சொன்னதை நம்பி அந்த விருப்பத்தை அடித்துவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2024-இல் உலகில் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்கள் விற்றன. விற்ற கார்களில் ஐந்தில் ஒன்று மின்சாரத்தில் ஓடுவது. ஆனால் சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களைக் கணக்கெடுத்தால் நூற்றுக்கு நான்கைந்துதான் மின்கார். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் மகனுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். நார்வேயைப் பாருங்கள். 1990-களிலிருந்தே வரிச்சலுகை கொடுத்து மின்கார்களை வளர்த்த நாடு அது. 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய 89 சதவீதம் மின்கார்கள். அப்படியிருந்தும் ஓடும் மின்கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களைத் தாண்டியது அந்த ஆண்டு செப்டம்பரில்தான். அப்போதும் டீசல் கார்கள் அவற்றைவிட அதிகமாகவே இருந்தன. பழைய வண்டியை யாரும் ஒரே நாளில் தூக்கி எறிவதில்லை. விற்பனை மெதுவாகத்தான் குறையும். குறையவே குறையாது என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் மகன் 40 ஆண்டுகள் உழைக்கப்போகிறார். முதல் 10 ஆண்டுகளுக்கும் கடைசி 10 ஆண்டுகளுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

இன்னொன்று, எண்ணெய் என்றால் பெட்ரோல், டீசல் மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவழிக்கிறது. அதில் சாலை வாகனங்களுக்குப் போவது பாதிக்கும் குறைவு. மீதி விமானத்துக்கும் கப்பலுக்கும் பிளாஸ்டிக், செயற்கை இழை, பெயிண்ட், தார் ஆகியவற்றுக்கும் போகிறது. 2030 வரையிலான எண்ணெய்த் தேவை வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோ கெமிக்கல்தான் கொண்டுவரும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018-லேயே கணித்திருந்தது. மின்கார் வந்தாலும் அதன் உட்புறம் பிளாஸ்டிக், சக்கரத்தில் செயற்கை ரப்பர். அதன் பேட்டரியைக் குளிரவைக்கும் திரவத்தையும் மோட்டார் பேரிங்குக்கான கிரீஸையும் இன்று விற்றுக்கொண்டிருப்பவை எஞ்சின் ஆயில் விற்ற அதே கம்பெனிகள்.

அந்தக் கம்பெனிகளின் போக்கை விளம்பரத்தை வைத்து எடைபோடாதீர்கள். எதை வாங்குகிறார்கள், எதை விற்கிறார்கள் என்று பாருங்கள். பிரான்ஸின் எண்ணெய் நிறுவனமான டோட்டல் (இன்றைய டோட்டல் எனர்ஜீஸ்) 2016-இல் சாஃப்ட் என்ற பேட்டரி நிறுவனத்தை வாங்கியது. 2017-இல் ஷெல், நெதர்லாந்தின் நியூமோஷன் என்ற சார்ஜிங் நிறுவனத்தை வாங்கியது. 2018-இல் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி, அந்நாட்டின் சார்ஜ்மாஸ்டர் என்ற சார்ஜிங் நிறுவனத்தை வாங்கியது. இவை ஒரு பக்கம். மறுபக்கம், டோட்டல் எனர்ஜீஸ் ஜெர்மனியிலும் அதன் அண்டை நாடுகளிலும் வைத்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்க்குகளைக் கைமாற்றும் ஒப்பந்தத்தை 2023-இல் அறிவித்தது. வாங்கியவர் யார் தெரியுமா? கனடாவின் குஷ்டார். சர்க்கிள் கே என்ற பெயரில் கடைகள் நடத்தும் நிறுவனம். இதே நிறுவனம்தான் 2012-இல் நார்வேயின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயிலின் பெட்ரோல் பங்க்குகளை வாங்கி, மின்கார் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது என்று அங்கே பழகிக்கொண்டது. எண்ணெய்க்காரர் விற்கிறார், கடைக்காரர் வாங்குகிறார். பங்க் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதைவிடத் தெளிவான செய்தி வேறு வேண்டியதில்லை.

இவர்கள் நேர்கோட்டில் போகிறார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பசுமை ஆற்றல் பற்றி அதிகம் பேசிய பிபி, 2025 பிப்ரவரியில் திட்டத்தை மாற்றி எண்ணெய், எரிவாயு முதலீட்டைக் கூட்டியது, மாற்று ஆற்றலுக்கான செலவை வெட்டியது. ஷெல் 2024-இல் இரண்டு ஆண்டுகளில் சுமார் ஆயிரம் பெட்ரோல் பங்க்குகளைக் கைவிடப்போவதாகச் சொன்னது. அதே அறிக்கையில் 2030-க்குள் 2 லட்சம் பொதுச் சார்ஜிங் முனைகள் என்றும் இலக்கு வைத்தது. தலைமை மாறினால் திட்டம் மாறும். கச்சா எண்ணெய் விலை ஏறினால் மனம் மாறும். அதனால்தான் ஒரு கம்பெனியின் பெயரை நம்பிப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று என்னிடம் வரும் எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் கையில் நிற்கிற திறமை எது என்று கேளுங்கள்.

இனி வரும் பகுதியை உங்கள் மகனிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல் தயாராகும் ஒரு பிரிவில், அடியில் கறுப்பாகக் கனத்த எண்ணெய் ஒன்று மிஞ்சும். பார்த்தால் கழிவு என்றுதான் தோன்றும். அதைச் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி உயரமான உருளைகளில் ஊறவிட்டால் கெட்டியான கரியாக இறுகும். உயர் அழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சி அந்தக் கரியை வெட்டி எடுப்பார்கள். மூல எண்ணெயும் வெப்பமும் நேரமும் சரியாக அமைந்தால் அது ஊசி ஊசியான அடுக்கமைப்பு கொண்ட 'நீடில் கோக்'. அதை மேலும் பதப்படுத்தி, 3000 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் வைத்தால் செயற்கைக் கிராபைட். மின்காரின் லித்தியம் பேட்டரியில் எதிர்மின்முனையாக இருப்பது பெரும்பாலும் இத்தகைய கிராபைட்தான். ஒரு பேட்டரியில் லித்தியத்தைவிடக் கிராபைட்டின் எடை பலமடங்கு. இங்கிலாந்தில் பிலிப்ஸ் 66 என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் ஹம்பர் சுத்திகரிப்பு ஆலை இந்தக் கோக்கைத் தயாரிக்கிறது. பெட்ரோல் எடுத்த அதே ஆலையின் அடிமண்டியிலிருந்து பெட்ரோலின் போட்டியாளருக்குச் சரக்கு போகிறது. அந்த உருளையின் முன்னால் நின்று வெப்பத்தைச் சரிபார்க்கிறவர் படித்தது கெமிக்கல் இன்ஜினீயரிங்.

இதுபோல இன்னும் உண்டு. மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்ட ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1970-களில் அந்த வேலையைச் செய்தது எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வகத்தில். 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். அதே எக்ஸான் 2023-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஆழத்திலிருக்கும் உப்புநீரிலிருந்து லித்தியம் எடுக்கத் துளையிடத் தொடங்கியது. இத்தாலியின் எனி என்ற எண்ணெய் நிறுவனம், வெனிஸ் அருகே இருந்த சுத்திகரிப்பு ஆலையை 2014-இல் தாவர எண்ணெய், கழிவு எண்ணெய் ஆகியவற்றிலிருந்து எரிபொருள் செய்யும் ஆலையாக மாற்றியது. வினையூக்கி, வெப்பமாற்றி, பிரிப்புக் கோபுரம் எல்லாம் அங்கும் வேண்டும். மூலப்பொருள் மட்டும் வேறு.

ஆகவே கெமிக்கல் எடுங்கள். ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மின்வேதியியல், பாலிமர், செயல்முறைக் கட்டுப்பாடு ஆகியவை வெறும் பெயரளவில் இல்லாமல் ஆய்வகத்தோடு நடக்கின்றனவா என்று பாருங்கள். பெட்ரோலியம் இன்ஜினீயரிங்கை இளநிலையில் எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. துளையிடும் அறிவு வீணாகாது. புவிவெப்பத்துக்கும் உப்புநீர் லித்தியத்துக்கும் அது தேவை. கரியமில வாயுவைக் கடலுக்கடியில் புதைக்கும் நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் போன்ற திட்டங்களுக்கும் தேவை. சிக்கல் வேலைச் சந்தையில் இருக்கிறது. 2014-க்குப் பின் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோதும் 2020-இலும் அந்தத் துறையில் ஆட்கள் கொத்துக் கொத்தாக வெளியேற்றப்பட்டார்கள். கெமிக்கல் படித்துவிட்டு முதுநிலையில் அந்தப் பக்கம் போகலாம், திரும்பியும் வரலாம். 'மின்வாகனப் பொறியியல்' என்று புதிதாகப் பலகை மாட்டிய இளநிலைப் படிப்புகளைப் பற்றியும் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் எலக்ட்ரிக்கலில் பாதி, மெக்கானிக்கலில் பாதி. இரண்டிலும் ஆழம் இல்லை.

எலக்ட்ரிக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வேகச் சார்ஜரைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் மாட்யூல்கள் அடுக்கடுக்காக இருக்கும். மின்விசிறி, வடிகட்டி, தடித்த கம்பிகள் இருக்கும். பெரிய சார்ஜர் என்றால் கேபிளுக்குள்ளேயே குளிர்த்திரவம் ஓடும். செருகியவுடன் மின்சாரம் பாய்ந்துவிடாது. காரும் சார்ஜரும் முதலில் தகவல் பரிமாறிக்கொள்ளும். கசிவு இருக்கிறதா என்று சோதனை நடக்கும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று கேட்பது கார். கொடுப்பது மட்டுமே சார்ஜரின் வேலை. 80 சதவீதம் நிரம்பிய பிறகு பேட்டரியைக் காப்பாற்ற வேகம் குறைந்துவிடும். இதில் எங்கே தடுக்கினாலும் திரையில் ஒரே வார்த்தைதான் வரும்: 'பிழை'. தகவல் தொடர்பா, கட்டண முறையா, நசுங்கிய இணைப்பியா என்று கண்டுபிடிக்கிறவருக்கு நல்ல தேவை இருக்கிறது. அதற்குப் பட்டயப்படிப்பே போதும். கையில் ஸ்பேனர் பிடிக்கப் பிடித்தவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வேலை இது. உங்களுக்கு வேதியியலில்தான் ஆர்வம் என்று அப்பா எழுதியிருக்கிறார். பயத்தில் அதை விட்டுவிட வேண்டாம்.

ஐயா, இனி உங்கள் பங்க்.

அது ஊருக்கு உள்ளே இருக்கிறதா, நெடுஞ்சாலையில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. மின்கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்வார். ஊருக்குள் இருக்கும் பங்குக்கு அவர் வரவேண்டிய அவசியமே இல்லை. நெடுந்தூரம் போகும்போது வழியில் நிறுத்தியே ஆகவேண்டும். அடுக்குமாடியில் சார்ஜ் வசதி இல்லாதவர்களும் வாடகைக் கார் ஓட்டுபவர்களும் ஊருக்குள்ளும் வருவார்கள். சீனாவின் ஷென்ஜென் நகர விமான நிலையத்தின் அருகே ஷெல், மின்கார் தயாரிக்கும் பிஒய்டி நிறுவனத்தோடு சேர்ந்து 2023-இல் 258 வேகச் சார்ஜர்களோடு நிலையம் திறந்தது இப்படிப்பட்ட கூட்டத்தைக் கணக்கிட்டுத்தான். இடத்தைப் பொறுத்து முடிவு முற்றிலும் மாறும்.

பெட்ரோல் போட வருபவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். சார்ஜ் போட வருபவர் இருபது, முப்பது நிமிடம் உட்காருவார். அவருக்கு நிழல் வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும், வாங்குவதற்கு ஏதாவது வேண்டும். எரிபொருளில் கிடைக்கும் லாபம் எப்போதும் மெலிந்ததுதான் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். குஷ்டார் போன்றவர்கள் கண்வைத்திருப்பது அந்த அரைமணி நேரத்தின் மீதுதான்.

சார்ஜர் வாங்கும் முன் மின்வாரியத்திடம் கேட்க வேண்டியது இணைப்புத் திறன். 150 கிலோவாட் சார்ஜர்கள் நான்கு ஒரே நேரத்தில் முழுவேகத்தில் ஓடினால் 600 கிலோவாட். விளக்கு, குளிர்பதனப் பெட்டி, பம்பு மோட்டார் என்று ஓடும் ஒரு பங்குக்கு இவ்வளவு தேவைப்பட்டதே இல்லை. தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதற்கு இடமும் காத்திருப்பும் வேண்டும். சில இடங்களில் பெரிய பேட்டரி ஒன்றை வைத்து மெதுவாக நிரப்பி, கூட்டம் வரும்போது வேகமாகக் கொடுக்கிறார்கள். பெட்ரோல் ஆவி சேரக்கூடிய பகுதிக்குள், பம்புக்கும் தொட்டியின் காற்றுக்குழாய்க்கும் பக்கத்தில், சார்ஜர் வைக்கவே கூடாது. சிறிய மனையில் இருப்பவர்களுக்குப் பணத்தைவிட இதுதான் பெரிய தடை.

இன்னும் ஒன்றை யாரும் பேசுவதில்லை. நிலத்தடித் தொட்டி. பங்கை என்றைக்காவது மூடவோ மாற்றவோ நேர்ந்தால், தொட்டியைத் தோண்டி எடுத்து, மண்ணில் கசிவு இருந்தால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது? உங்களுடையதா, எண்ணெய்க் கம்பெனியுடையதா? ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். மகனின் படிப்புக்காக அந்த நிலத்தை அடமானம் வைக்கும் யோசனை இருப்பதாக எழுதியிருப்பதால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: 18 வயதில் உட்காரவைக்காதீர்கள். இப்போதிருக்கும் வியாபாரத்தை நீங்களே நடத்த முடிகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அந்த நிலத்தில் எதை வைப்பது என்று முடிவெடுக்கும்போது, ஆலையிலோ வேறு நிறுவனத்திலோ சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்த மகன் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது. விடுமுறையில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கட்டும், எரிபொருளில் எவ்வளவு நிற்கிறது, மற்ற விற்பனையில் எவ்வளவு நிற்கிறது என்று தனித்தனியாகப் பிரித்து எழுதட்டும். அது போதும்.

விண்ணப்பத்தில் முதலில் கெமிக்கல், அடுத்து எலக்ட்ரிக்கல், அதற்கடுத்து மெக்கானிக்கல் என்று வரிசைப்படுத்துங்கள். கல்லூரிகளின் வரிசையை இப்போதே சொல்லமாட்டேன். விரும்பும் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை மகன் தானே இறக்கிப் படித்து, மின்வேதியியல் எந்தப் பருவத்தில் வருகிறது, ஆய்வக நேரம் எவ்வளவு, கடைசி ஆண்டில் ஆலைப் பயிற்சி உண்டா என்று ஒரு தாளில் எழுதி அனுப்பட்டும். அந்தத் தாள் வந்ததும் வரிசையைச் சேர்ந்தே போட்டுவிடலாம்.