ஸ்டோரேஜ் சப்போர்ட் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த மகளுக்கு 'ஸ்டோரேஜ் சப்போர்ட்' வேலை வந்திருக்கிறது, கோடிங்கே இல்லையாமே, எதிர்காலம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் சேருவதற்கு முன் ஒரு மாதம் லினக்ஸ் இயங்குதளத்தோடு உட்காரட்டும்.

வேலை இதுதான். பல சர்வர்களுக்குப் பொதுவாக ஒரு பெரிய ஸ்டோரேஜ் பெட்டி இருக்கும். டேட்டாபேஸ் குழு 500 ஜிபி கேட்டால் அந்த அளவில் ஒரு 'லன்' (பெட்டியிலிருந்து பிரித்துக் கொடுக்கும் ஒரு துண்டு; சர்வருக்கு அது ஒரு டிஸ்க்) உருவாக்கி, கேட்ட சர்வருக்கு மட்டும் தெரியும்படி ஒதுக்க வேண்டும். லன் உருவாக்க ஒரு நிமிடம் போதும். கவனம் முழுக்க முகவரியில்தான் வேண்டும். சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் சேனல் என்ற தனி நெட்வொர்க்கில் சர்வரின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 16 இலக்க ஹெக்ஸ் எண் (0-9, a-f) உண்டு. சுவிட்சில் ஜோனிங் (யார் யாரோடு பேசலாம்), ஸ்டோரேஜில் மாஸ்கிங் (எந்த லன் யாருக்குத் தெரியலாம்) என இரண்டு இடத்திலும் அதே எண்ணைப் பதிய வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் பெரும்பாலும் டிஸ்க் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்து சர்வரின் எண்ணை எடுத்துவிட்டால்தான் வினை. அந்தப் பக்கத்து சர்வர் விண்டோஸ், லன்னில் அதற்குப் புரியும் பார்ட்டிஷன் பட்டியலும் இல்லை என்றால் "புது டிஸ்க், இனிஷியலைஸ் செய்யவா?" என்று கேட்கும். யாராவது ஓகே கொடுத்தால் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் விவரம் அழிந்துபோகும்.

இதை வீட்டிலேயே காசில்லாமல் பழகலாம். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, வரைகலைத் திரை இல்லாத டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) மெஷின் மூன்று, தலா 1 ஜிபி ரேமில் நிறுவட்டும். ஒன்று ஸ்டோரேஜ், அதில் லன் கொடுக்கும் மென்பொருளான டார்கெட்சிஎல்ஐ. மற்ற இரண்டும் சர்வர்கள், அவற்றில் லன்னைப் பெறும் மென்பொருளான ஓபன்-ஐஸ்கஸி. ஐஸ்கஸி என்பது சாதாரண நெட்வொர்க் வழியாகவே டிஸ்க் கொடுக்கும் முறை. ஐஸ்கஸியில் 16 இலக்க எண்ணுக்குப் பதில் 'ஐக்யூஎன்' என்ற பெயர், போர்ட் 3260. ஸ்டோரேஜ் பக்கம் எந்த ஐக்யூஎன்னுக்கு அனுமதி என்று எழுதுவதுதான் இங்கே மாஸ்கிங். ஒரு மெஷினை குளோன் (நகல்) செய்து இன்னொன்றை உருவாக்கியிருந்தால் இரண்டுக்கும் ஒரே ஐக்யூஎன் இருக்கும். ஒன்றுக்குக் கொடுத்த லன்னுக்கு மற்றதும் அனுமதி பெற்றுவிடும். அலுவலகத்திலும் நடக்கிற கோளாறு இது. குளோன் செய்ததும் பெயரை மாற்ற வேண்டும்.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு லன்னை இரண்டு சர்வருக்கும் கொடுத்து, இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) போட்டு, இரண்டிலும் மவுண்ட் செய்து (பயன்பாட்டுக்கு இணைத்து) பார்க்கட்டும். ஒன்றில் எழுதிய ஃபைல் மற்றதில் தெரியாது. இரண்டிலும் எழுதிவிட்டு ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்தால் பிழைகள் கொட்டும். ஒரு சர்வர் எழுதுவது இன்னொன்றுக்குத் தெரிய இஎக்ஸ்டி4-இல் வழியே இல்லை. விஎம்வேர் நிறுவனத்தின் விஎம்எஃப்எஸ் போன்ற ஃபைல்சிஸ்டங்கள் பல சர்வர்கள் பகிர்வதற்கென்றே செய்யப்பட்டவை, அங்கே இந்தச் சிக்கல் கிடையாது. இதைக் கண்ணால் பார்த்தவர் இன்டர்வியூவில் தடுமாற மாட்டார்.

சர்வரிலிருந்து ஒரு லன்னுக்கு நான்கு பாதை இருந்தால் லினக்ஸ் அதை நான்கு டிஸ்க்காகக் காட்டும்; மல்டிபாத் என்ற மென்பொருள் அதை ஒன்றாக்கும். கொடுத்த லன்னைத் திரும்ப எடுக்கும்போது வரிசை முக்கியம்: அன்மவுண்ட், மல்டிபாத் நீக்கம், சர்வரில் டிஸ்க் நீக்கம், கடைசியில்தான் ஸ்டோரேஜில் மேப்பிங் (லன் ஒதுக்கீடு) நீக்கம். தலைகீழாகச் செய்தால் சர்வர் இல்லாத டிஸ்க்குக்காகக் காத்துத் தொங்கும்; சில நேரம் ரீபூட்தான் வழி.

கிளவுட் வந்தால் இந்த வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான் சரி. பெட்டியைத் தொடும் வேலை குறையும். அமேசான் கிளவுடில் வால்யூம் (டிஸ்க்) இணைப்பதும், செயலிகளைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்டும் குபர்னெட்டீஸில் டிஸ்க் ஒதுக்குவதும் இதே கணக்குத்தான். அதனால் ஒரே நிறுவனத்தின் ஸ்டோரேஜ் சான்றிதழுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். லினக்ஸுக்கு ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ்த் தேர்வு எழுதலாம், செய்துகாட்டும் தேர்வு அது.

ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள்: நைட் ஷிஃப்டுக்கு வண்டி உண்டா, பாண்ட் (விலகக் கூடாது என்ற ஒப்பந்தம்) எத்தனை ஆண்டு, முதல் நிலையில் டிக்கெட்டை (பதிவாகும் கோரிக்கையை) அடுத்தவருக்கு மாற்றிவிடுவது மட்டும்தானா அல்லது மேற்பார்வையில் லன் ஒதுக்கவும் விடுவார்களா? மூன்றாவதற்கு "டிக்கெட் மட்டும்" என்று பதில் வந்தால், எந்த மாதத்திலிருந்து அடுத்த நிலை என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.