எதைப் பார்த்து வரைந்தார்கள்? அரிய விலங்குகளின் ஓவியப் புத்தகங்கள்: கேள்வி பதில்

பழைய பறவை, விலங்கு ஓவியப் புத்தகங்களோடு பல வருடங்களாகப் புழங்குகிறேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கே (பள்ளி ஆசிரியை, கோவை): அழிந்துவரும் உயிரினங்கள் பற்றிய படப் புத்தகத்தைத் திறந்ததும் பிள்ளைகளை எதைக் கவனிக்கச் சொல்லலாம்?

ப: ஒரே ஒரு கேள்வியைப் பழக்கிவிடுங்கள், டீச்சர். வரைந்தவர் எதைப் பார்த்து வரைந்தார்? உயிரோடு நின்ற விலங்கையா, பஞ்சடைத்த தோலையா, இன்னொருவர் வரைந்த படத்தையா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கே (தஞ்சாவூர்): தாத்தாவின் பெட்டியில் பழைய பறவைப் படம் ஒன்று கிடைத்தது. என்ன விலை போகும்?

ப: விலை சொல்வது என் வேலை இல்லை. ஆனால் எப்படி அச்சானது என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு லென்ஸை எடுத்துப் பறவையின் கண் பக்கம் வையுங்கள். பொடிப்பொடிப் புள்ளிகள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. கல்லச்சில் (கல்லின் மேல் வரைந்து தாளில் ஒற்றி எடுக்கும் முறை) எடுத்துக் கையால் வண்ணம் பூசியதில் அந்த வரிசை இருக்காது. வண்ணம் அங்கங்கே கோட்டைத் தாண்டியிருக்கும். பல படங்களில் கண்மணிக்கு மட்டும் பிசின் தடவிய மினுமினுப்பு இருக்கும். எதுவாக இருந்தாலும் லேமினேட் செய்துவிடாதீர்கள்.

கே (மதுரை): ஓவியர் பெயரிலேயே ஒரு கிளி இருக்கிறதாமே?

ப: இருக்கிறது, லியர் மக்காவ். மக்காவ் என்பது தென் அமெரிக்கப் பக்கத்து நீண்ட வால் கொண்ட பெரிய கிளி. ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1830இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உட்கார்ந்து கிளிகளை வரையத் தொடங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. பஞ்சடைத்த பறவையை வைத்து வரைவதுதான் அன்றைய வழக்கம். இவர் கூடுமானவரை உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்தார். கல்லிலும் தானே வரைந்தார். 42 படங்களோடு அது புத்தகமாக வந்தது. அவர் வரைந்த நீல மக்காவ் ஒன்று தனி இனம் என்று அப்போது யாருக்கும் தெரியாது, ஹயசிந்த் மக்காவ் என்ற இன்னொரு நீலக் கிளி என்றே நினைத்தார்கள். 1856இல் நெப்போலியனின் தம்பி மகன் சார்ல்ஸ் லூசியன் போனபார்ட், பறவையியல் அறிஞர், அதை வேறு இனமாகப் பிரித்து லியரின் பெயரை வைத்தார்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் பெரிய விஷயம். இந்தக் கிளி எந்தக் காட்டில் வாழ்கிறது என்று நூறு வருடத்துக்கு மேல் கண்டுபிடிக்க முடியவில்லை. வணிகர்கள் வழியாகக் கூண்டில்தான் வந்துகொண்டிருந்தது. ஹெல்முட் சிக் என்ற பறவையியல் அறிஞர் தேடித் தேடி 1978இல் பிரேசிலின் வடகிழக்கே பாஹியாவில் பார்த்தார். செம்மணற்கல் பாறைச் செங்குத்துகளில் கூடு, லிக்குரி பனையின் காய்கள் உணவு. அப்போது மிகக் குறைவாகவே இருந்தது, பாதுகாத்ததில் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. புத்தகத்துக்குள் வந்து ஏறக்குறைய 150 வருடம் கழித்துத்தான் அதன் ஊர் தெரிந்தது.

கே (சேலம்): பழைய புத்தகத்திலிருந்து படங்களை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாமா? லேமினேட் செய்தால் என்ன தவறு?

ப: வேண்டாம். பிளேடு வைத்துவிட்டால் அது புத்தகமே இல்லை, படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் குறிப்பும் போய்விடும். லேமினேஷனில் சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது. அமிலமில்லாத தாளுக்கு நடுவில் வைத்து, வெயில் படாத இடத்தில் படுக்கப் போடுங்கள்.

கே (திருச்சி): என்னிடம் ஒரு பழைய புலிப் படம் இருக்கிறது. விலை?

ப: தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கே (சென்னை): நம் பக்கத்தில் இப்படிப் புத்தகங்கள் வந்ததில்லையா?

ப: சென்னையிலேயே அச்சானது உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டானின் இந்தியப் பறவை ஓவியத் தொகுதி 1843 முதல் 1847 வரை மதராஸில் வெளிவந்தது. கையால் வண்ணம் தீட்டிய ஐம்பது படங்கள், வரைந்ததில் இந்திய ஓவியர்களுக்குப் பெரும் பங்கு. அவர் பெயர் தாங்கிய பறவை (ஜெர்டான் கோர்சர்) அந்தப் புத்தகத்தில் இல்லை, 1848இல்தான் அது அறிவியலுக்கு அறிமுகமானது. தெலுங்கில் கலிவிகோடி என்பார்கள். 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், 1986இல் கடப்பா பக்கம் உள்ளூர்க்காரர் ஒருவர் கையில் இரவில் அகப்பட்டது.

கே (நெல்லை): டோடோ எல்லாப் புத்தகத்திலும் குண்டாகவே இருக்கிறதே, உண்மையா?

ப: டோடோ மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்காத பறவை. அந்தத் தொப்பையின் பெரும்பகுதி ரோலண்ட் சேவரி என்ற ஓவியரிடமிருந்து வந்தது. சுமார் 1626இல் அவர் வரைந்த டோடோ பிறகு ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பறவை ஓவியரிடம் வந்தது. அவர் அதைப் பார்த்துத் தன் புத்தகத்துக்குப் படம் எடுத்தார். அப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர்.

கே (நெல்லை, மீண்டும்): டச்சு மாலுமிகளே கொழுத்த பறவை என்றுதானே எழுதினார்கள்? ஓவியரை மட்டும் குறை சொல்வது நியாயமா?

ப: நல்ல மறுப்பு. மாலுமிகள் எழுதினார்கள்தான். கூண்டில் அடைத்துத் தீனி போட்ட பறவை பெருத்தும் இருக்கும். என் குறை ஓவியர் மேல் இல்லை, ஓவியத்தை அளவுகோலாக எடுத்தவர்கள் மேல். 1865இல் மொரீஷியஸ் சதுப்பில் டோடோ எலும்புகள் கிடைத்தன. ரிச்சர்ட் ஓவன் பெரிய உடற்கூறு அறிஞர். அவரே 1866இல் அந்தப் பழைய ஓவியத்தின் உருவரைக்குள் எலும்புகளைப் பொருத்திக் குந்திய டோடோவை வெளியிட்டார். 1872இல்தான் நிமிர்த்தித் திருத்தினார். எலும்பு கையில் இருந்தும் படம் ஜெயித்தது.

கே (யாழ்ப்பாணம்): அப்படியென்றால் பழைய ஓவியம் எதையுமே நம்பக்கூடாதா?

ப: அப்படிச் சொல்லவே இல்லை. ஜஹாங்கீர் அரசவை ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஒன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது, சுமார் 1625. மெலிந்த பறவை. சுற்றிலும் நமக்குத் தெரிந்த பறவைகள், ஒவ்வொன்றும் அப்படியே அச்சு அசல். அவை சரியாக இருப்பதால்தான் நடுவில் நிற்கும் டோடோவையும் நம்புகிறோம். அந்தக் காலத்தில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக பீட்டர் மண்டி என்ற பயணியும் எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருப்பதைச் சோதித்துவிட்டு நடுவில் இருப்பதை நம்புங்கள்.

டோடோ பற்றி இன்னும் ஏழு கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

கே (விழுப்புரம்): வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கலாமா?

ப: சட்டப்படி கூடாது. வனத்துறையிடம் பேசுங்கள்.

கே (ஈரோடு): சிவப்புப் பட்டியல் என்பது முதலில் புத்தகமாகவா வந்தது?

ப: ஆமாம். சிவப்புப் பட்டியல் என்பது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு (IUCN) வரிசைப்படுத்துவது. அதற்கு முன்னோடியாக 1966இல் வந்த சிவப்புத் தரவு நூல் தைத்த புத்தகம் இல்லை, கழற்றி மாட்டும் தாள்கள். நிலைமை மாறினால் அந்த இனத்தின் தாளை மட்டும் மாற்றலாம். பெரும் ஆபத்தில் இருப்பவற்றுக்கு இளஞ்சிவப்புத் தாள், மீண்டுவிட்டவற்றுக்குப் பச்சை.

கே (கரூர்): பழைய மான் படம், விலை…

ப: மூன்றாவது முறை. விலை கேட்டு வருவதற்கு இனி பதில் இல்லை. லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

கே (ஆறாம் வகுப்பு, பொள்ளாச்சி): நான் நீலகிரி வரையாடு வரைந்து அனுப்பியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

ப: கொம்பு பின்னால் வளைவது அழகாக வந்திருக்கிறது கண்ணா. ஆனால் தாடி வைத்திருக்கிறாய். வரையாட்டுக்குத் தாடி கிடையாது. வீட்டு ஆட்டைப் பார்த்து வரைந்தாயா? பரவாயில்லை, உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு பக்கம் அடிக்கடி நிற்கும். அப்பாவோடு போ, எதையும் தின்னக் கொடுக்காதே, தூரத்திலிருந்தே பார்த்து வரை. தாளின் அடியில் தேதியும் இடமும் எழுது. இந்தத் தாடி வைத்த படத்தைக் கிழித்துவிடாதே, இரண்டையும் சேர்த்து எனக்கு அனுப்பு.