எரேமியா சபித்த எகோனியாவின் வம்சத்தில் வந்த இயேசு எப்படி மேசியா ஆக முடியும்?

கேள்வியில் நீங்கள் வைத்திருக்கும் வாதம் இது. தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று கடவுள் வாக்குக் கொடுத்தார், கி.மு. 586-இல் எருசலேமோடு அதுவும் போய்விட்டது. போதாததற்கு, அந்த வம்சத்து எகோனியாவின் சந்ததியில் ஒருவனும் அரியணை ஏறமாட்டான் என்று தீர்க்கதரிசி எரேமியா சொல்லிவிட்டார். ஆனால் மத்தேயு எழுதிய வம்சவரலாற்றில் இயேசுவின் முன்னோராக அதே எகோனியா நிற்கிறார். அப்படியானால் இயேசு எப்படி மேசியா, அதாவது கடவுள் வாக்களித்த ராஜா, ஆக முடியும்?

நல்ல கேள்வி. மத்தேயு முதல் அதிகாரத்தை நிஜமாகவே படித்தவர்தான் இதைக் கேட்க முடியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆலயத்தில் அந்தப் பெயர்வரிசை வந்தால் வாசிக்கிறவரே வேகமெடுத்துவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். எகோனியா, கோனியா, யோயாக்கீன் மூன்றும் ஒருவரே. அப்பா பெயர் யோயாக்கீம். கடைசி எழுத்தில்தான் வித்தியாசம், பலர் இங்கேயே குழம்புவார்கள். 2 இராஜாக்கள் சொல்கிறபடி, பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்து மூன்று மாதம் ஆண்டார். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்டபோது, தாயையும் பிரபுக்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து சரணடைந்தார். அவருக்குப் பதிலாகச் சித்தப்பா சிதேக்கியாவைப் பாபிலோன் பொம்மை ராஜாவாக உட்கார வைத்தது. அவரும் கலகம் செய்ய, நகரமும் தேவாலயமும் எரிந்தன. சிதேக்கியாவின் கண்ணெதிரே பிள்ளைகளை வெட்டிவிட்டு, அவர் கண்களையும் பிடுங்கினார்கள்.

எரேமியா 22-இல் வருவது இந்த யோயாக்கீனைப் பற்றிய வார்த்தை: நீ என் வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன், இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். 1 நாளாகமம் 3 அவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. பாபிலோன் அகழ்வில் கிடைத்த களிமண் பலகைகளிலும் யூதா நாட்டு ராஜா யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. எதிரியின் கணக்குப்பிள்ளை கூட அவரை ராஜா என்றே எழுதி வைத்திருக்கிறான்! ஆகவே "சந்தானமற்றவன்" என்பது அரியணைக்கு வாரிசில்லாதவன் என்ற பொருளில்தான். அந்த வசனத்தின் பின்பாதியே அதைத்தான் சொல்கிறது.

இந்தச் சிக்கலுக்கு நம் பிரசங்கங்களில் வழக்கமாக இரண்டு பதில் வரும். ஒன்று, யோசேப்பு இயேசுவைப் பெற்ற தகப்பன் அல்ல, அதனால் சாபம் ஒட்டாது. ஒட்டாது சரி, ஆனால் யோசேப்பு வழியாக வரும் அரச உரிமை மட்டும் எப்படி ஒட்டும்? இரண்டாவது, லூக்கா தருவது மரியாளின் வம்சம், அது சாலொமோனை விட்டு தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாகப் போகிறது. லூக்கா அதை மரியாளின் வம்சம் என்று எங்கும் சொல்லவில்லை. அதோடு எகோனியாவுக்குப் பின் மத்தேயுவில் வரும் சலாத்தியேலும் செருபாபேலும் லூக்கா 3:27-இல் மறுபடி வந்துவிடுகிறார்கள்.

எனக்குத் திருப்தி தரும் பதில் ஆகாய் என்ற தீர்க்கதரிசியின் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. கி.மு. 520, பெர்சிய ராஜா தரியுவின் இரண்டாம் ஆண்டு. யூதாவுக்கு அதிபதியாக இருக்கும் செருபாபேல் யோயாக்கீனின் பேரன். அவரிடம் கடவுள் சொல்வதாக ஆகாய் சொல்லும் கடைசி வார்த்தை: உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன், நான் உன்னைத் தெரிந்துகொண்டேன். தாத்தாவிடமிருந்து கழற்றி எறிந்த அதே மோதிரம்! இது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன். யூத ரபீக்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். பாபிலோன் சிறையிருப்பு யோயாக்கீனின் பாவத்தைக் கழுவிவிட்டது என்று ரபீக்களின் விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே ஒரு பேச்சு உண்டு.

ஆனால் செருபாபேல் முடிசூடவில்லை. ஆலய வேலையோடு அவர் பெயர் வரலாற்றிலிருந்து நழுவிவிடுகிறது. மோதிரம் திரும்ப வந்தது, கிரீடம் வரவில்லை. "வரப்போகிறவர்" என்ற எதிர்பார்ப்பு இப்படி நடுவில் நின்றுபோன வாக்கில்தான் உரம் பெற்றது என்பது என் எண்ணம். தாவீதின் அரசு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் மேசியாவுக்கு யார் காத்திருப்பார்கள்?

இப்போது மத்தேயுவுக்கு வாருங்கள். ஆபிரகாம் முதல் இயேசு வரை மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் பதினான்கு தலைமுறை என்ற கணக்குக்காக அவர் ஆட்களை விடத் தயங்காதவர். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களைக் காணோம். சங்கடமான எகோனியாவையும் அப்படியே தாண்டிப் போயிருக்கலாம். மாறாக, அவர் பெயரைச் சிறையிருப்பின் வாசலில் இரண்டு முறை எழுதுகிறார். எரேமியாவை இவ்வளவு எடுத்தாளும் மனிதருக்கு இந்த வசனம் மட்டும் தெரியாதா என்ன? தெரிந்தேதான் வைத்தார். முறிந்த இடத்தின் வழியாகவே ராஜா வருகிறார் என்பது அவர் வாதம்.

இதனால் ஒரு யூதர் இயேசுவை மேசியாவாக ஏற்றாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாக்களிக்கப்பட்ட ராஜா வந்தால் போர் ஒழியும், சிதறிய ஜனம் கூடும் என்று தீர்க்கதரிசிகள் எழுதியிருக்கிறார்கள். அது எங்கே என்று அவர்கள் கேட்பது நியாயம். மீதியை இரண்டாம் வருகையில் வைப்பது எங்கள் விசுவாசம், நிரூபணம் அல்ல. உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் பார்த்த சீஷர்களே அப்போஸ்தலர் 1:6-இல், ராஜ்யத்தை இஸ்ரவேலுக்கு இப்போதா திரும்பக் கொடுப்பீர் என்று கேட்கிறார்கள். அவர் தேதி சொல்லவில்லை.

நேரமிருந்தால் இந்த வரிசையில் படித்துப் பாருங்கள்: 2 சாமுவேல் 7, எரேமியா 22, சங்கீதம் 89, ஆகாய் 2, பிறகு மத்தேயு 1. சங்கீதம் 89-ஐ மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள். முதல் பாதி வாக்கைப் பாடுகிறது. 38-ஆம் வசனத்துக்குப் பிறகு நீங்கள் கேட்ட இதே கேள்வியை, உங்களைவிடக் கோபமாக, கடவுளிடமே கேட்கிறது.