செய்திகளைப் பேசிப் பேசி ஆங்கிலம் வருமா? எனக்கு ஒரு சண்டைக்குப் பிறகு வந்தது

கேள்வி: நடப்புப் பிரச்சினைகளை விவாதிப்பதன் மூலம் ஆங்கிலம் பேசவும், கேட்டுப் புரிந்துகொள்ளவும் கற்க முடியுமா? தமிழ் வழியில் படித்தவன், பெங்களூரில் வேலை. ஆபீஸ் கூட்டங்களில் வாயே திறப்பதில்லை.

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எட்டு வருடம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. 2015இல் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் க்யூசி (தரச் சோதனை) வேலைக்கு வந்தேன். அளவு பார்க்கும் வெர்னியரைக் கையில் கொடுத்தால் இம்மியளவு பிசகையும் பிடித்துவிடுவேன். ஆனால் காலைக் கூட்டத்தில் அந்தப் பிசகு ஏன் வந்தது என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்வார், நான் தலையாட்டுவேன். ஒருமுறை நான் கண்டுபிடித்த குறையை இன்னொருவர் தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. மறுத்துச் சொல்லத்தான் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. நீங்களும் இப்படி எதையாவது விழுங்கியிருப்பீர்கள்.

2019இல் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அங்கேயும் விவாதம் உண்டு. ‘சமூக வலைத்தளம் நன்மையா தீமையா’, ‘கிராம வாழ்க்கையா நகர வாழ்க்கையா’. மூன்று நன்மை, மூன்று தீமை என்று எல்லோரும் ஒப்பித்தோம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்காகத் தங்கள் தாளைப் படித்துக்கொண்டிருப்போம். யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கடைசியில் சான்றிதழ் கிடைத்தது, வாய் திறக்கவில்லை. அந்த வகுப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, நடத்தியவர்கள் நல்லவர்கள்தான். அந்தத் தலைப்புகள் எதுவும் என் வாழ்க்கையைத் தொடவில்லை, அதுதான் கோளாறு.

மாற்றம் 2023இல் கேன்டீனில் வந்தது. சாப்பிட்டபின் மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தில் ஆங்கிலம் பழகலாம் என்று நான்கு பேர் சேர்ந்தோம். மண்டியாவிலிருந்து வந்த பர்ச்சேஸ் பிரிவுத் தோழி, ஸ்டோரில் இருக்கும் இடுக்கிக்காரர், ஒடிசாவிலிருந்து வந்த வெல்டிங் சூப்பர்வைசர், நான். நால்வருக்கும் பொதுவாக வேறு மொழி இல்லை. தினம் ஒரு செய்தி. முதல் இரண்டு மாதம் கிரிக்கெட், தக்காளி விலை, மெட்ரோ என்று போனது. தக்காளி கிலோ நூறைத் தாண்டிய நாட்கள் அவை, அதனால் அந்தப் பேச்சு நன்றாகவே ஓடியது.

செப்டம்பரில் எங்கள் பேச்சுக்குக் காவிரித் தகராறு வந்தது.

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாள் திறக்கும்படி காவிரி நீர் மேலாண்மை ஆணையம் கர்நாடகத்திடம் சொன்னது. அதை எதிர்த்து செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், 29 கர்நாடகா பந்த், ஒரே வாரத்தில் இரண்டு. 2016 செப்டம்பர் 12 அன்று இதே தகராறில் பேருந்துகள் எரிந்த சாயங்காலம் நான் இந்த ஊரில்தான் இருந்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவின் போனை எடுக்கவில்லை, எடுத்தால் தமிழில் பேச வேண்டுமே என்று. அந்தப் பயம் இன்னும் உள்ளே இருக்கிறது. அதனால் இந்தத் தலைப்பு வேண்டாம் என்றேன். இடுக்கிக்காரர்தான், “எங்களுக்கும் உங்களுக்கும் முல்லைப்பெரியாறு இல்லையா, பேசாமலா இருக்கிறோம்?” என்றார். ஒடிசாக்காரர் சத்தீஸ்கரோடு இருக்கும் மகாநதி வழக்கைச் சொன்னார். உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் ஆளுக்கொரு ஆற்றுத் தகராறு.

எனக்கு இது பாடப் புத்தகத்தில் படித்த விஷயமில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் எங்கள் வீட்டில் குறுவை, இல்லையென்றால் கடன். எங்கள் ஊர் அளவில் சொன்னால் அப்பாவுக்கு ஆறு ‘மா’ நிலம். முந்தின நாள் இரவு தயார் செய்தேன். முதலில் தினத்தந்தியில் தமிழில் படித்தேன், தமிழில் பிடிபடாததை ஆங்கிலத்தில் பேச முடியாது. பிறகு கணக்குப் போட்டேன். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. அப்படியானால் 5,000 கன அடி பதினைந்து நாள் ஓடினால் ஆறரை டிஎம்சிகூட முழுசாக வராது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எங்கள் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆக்கியதையும், குறைத்ததில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்பதையும் குறித்துக்கொண்டேன். ரிலீஸ், ஷார்ட்ஃபால், இன்ஃப்ளோ, ஸ்டோரேஜ் என்று ஏழெட்டுச் சொற்கள். கணக்கு கையில் இருந்ததால் இலக்கணப் பயம் பாதி போய்விட்டது. மறுநாள் நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசினேன், அதுவரை நாற்பது விநாடி பேசியதில்லை.

அப்போது கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் பேசிக்கொண்டே யோசிக்கலாம். ‘கர்நாடகா எங்களுக்குத் தண்ணீர்’ வரை வந்துவிட்டு, தரவில்லையா, தர முடியவில்லையா, தர வேண்டுமா என்று அப்புறம் முடிவு செய்யலாம். ஆங்கிலத்தில் ‘கர்நாடகா’ என்றதுமே வினை வந்தாக வேண்டும். என் திக்கலில் பாதி சொல் தெரியாததால் வந்ததில்லை, என்ன நினைக்கிறேன் என்பதை முடிவு செய்யாமல் வாயைத் திறந்ததால் வந்தது. நிஜமாகவே ஒரு கருத்து இருக்கும் விஷயத்தைப் பேசும்போது அந்த முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது. ‘செய்தியைப் பேசு’ என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இதைச் சொன்னார்களா தெரியவில்லை.

இனி சண்டை. தோழி தன் பக்கம் சொன்னாள். அவள் வேகமாகப் பேசுவாள். தன் அப்பாவின் நிலத்தைச் சொன்னபோது என் காதில் விழுந்தது ‘ஃபிஃப்டி’, ‘ஏக்கர்’ என்ற இரண்டு சொல்தான். ஐம்பது ஏக்கர் பண்ணை வைத்துக்கொண்டு ஆறு மாக்காரன் வயிற்றில் அடிக்கிறார்களே என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ‘பணக்காரர்களுக்கு எங்கள் பசி எப்படித் தெரியும்’ என்கிற மாதிரி ஒன்று சொன்னேன். அன்று என் ஆங்கிலம் தெளிவாக இருந்ததுதான் வம்பு. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒடிசாக்காரர்தான் இருவரையும் உட்கார வைத்தார். அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். ஒரு ஏக்கர், ஃபிஃப்டீன் குண்டே. கர்நாடகத்தில் நாற்பது குண்டே சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒன்றரை ஏக்கர்கூட முழுசாக இல்லை. எங்கள் ஊரில் மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், எங்களுடையது இரண்டு ஏக்கர். அவளைவிட எங்கள் வீட்டுக்குத்தான் நிலம் அதிகம். அவர்கள் பக்கத்து விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் தண்ணீர் விடாததால் அவர்கள் நெல் நடவில்லை, இருந்த கரும்பும் காய்ந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் அவள் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். நான் அடுத்து என்ன பேசலாம் என்று மனதில் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்ததால் கேட்கவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

அதன்பின் அவள் ஒரு விதி வைத்தாள். எதிராளி சொன்னதை உன் வார்த்தையில் திரும்பச் சொல், அவர் ஆமாம் என்ற பிறகுதான் உன் பதில். எங்கள் ஆங்கிலத்தை வளர்த்தது இந்த ஒரே விதிதான் என்பேன். திரும்பச் சொல்ல வேண்டும் என்றால் கேட்டே ஆக வேண்டும். புரியாவிட்டால் ‘ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா, ஒன் ஃபைவா ஃபைவ் ஸீரோவா’ என்று கேட்க வெட்கப்பட முடியாது. அடுத்தவர் பயன்படுத்திய நல்ல சொற்றொடர் நம் வாயிலும் ஒருமுறை ஏறி இறங்கிவிடும். முன்பெல்லாம் ‘ஷுட் ஹாவ்’ என்று புத்தகத்தில் படித்ததை ‘ஷுடவ்’ என்று காதால் கேட்டால் எனக்குப் பிடிபடாது. நமக்கு வேகம் எதிரி இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான். திரும்பச் சொல்லிச் சொல்லித்தான் அந்த ஒட்டு எனக்குப் பிரிந்தது.

தனியாகவும் கேட்டேன். ஆகாசவாணி ஆங்கிலச் செய்தியில் இரண்டு நிமிடத்தை மூன்று முறை, பிறகு பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’. இரண்டும் நல்லவை. ஆனால் உங்கள் கூட்டத்தில் பேசப்போவது லண்டன்காரர்கள் இல்லை. வங்காளி ஆங்கிலம், மலையாள ஆங்கிலம், கன்னட ஆங்கிலம் காதில் பழகாமல் செய்தி வாசிப்பாளரை மட்டும் கேட்டுப் பயனில்லை.

இப்போதெல்லாம் செயலியோடு பேசலாமே, எதற்கு ஆள் என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். சொல் உச்சரிப்புக்குப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் செயலி உங்கள் மேல் வருத்தப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருக்காது. அந்த இரண்டு நாள் இல்லையென்றால் நான் கேட்கவே கற்றிருக்க மாட்டேன். கர்நாடகத்தில் இருந்துகொண்டு கன்னடம் படிக்காமல் ஆங்கிலம் எதற்கு என்பவர்களுக்கு: கன்னடம் பேசுகிறேன், காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் என் மகனின் பள்ளி ஆயாவிடமும் கன்னடம்தான். தமிழை மறந்துவிட்டாயா என்பவர்களுக்கு, இந்தப் பதிலை எந்த மொழியில் எழுதியிருக்கிறேன் என்று பார்க்கவும்.

மார்ச் 2024இல் இந்தப் பழக்கம் வெளியிலும் கைகொடுத்தது. நகரத்துக்கே தண்ணீர் இல்லை. சுமார் 14,000 போர்வெல்களில் 6,900 வறண்டுவிட்டதாக அரசே சொன்னது. எங்கள் அடுக்குமாடியில் டேங்கருக்குக் கேட்ட விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். குடியிருப்போர் கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், பாதிப்பேர் வட இந்தியர்கள். நான் எழுந்து, மாவட்ட நிர்வாகம் 12,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று விலை நிர்ணயித்திருப்பதைச் சொன்னேன். செயலாளர், அந்த விலைக்கு வண்டியே வராது என்றார். பழக்கத்தில், “அப்படியானால் விலையைவிடத் தண்ணீர் நின்றுபோவதுதான் உங்கள் பயம், சரியா?” என்று அவர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது. ஆமாம், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகுதான் உருப்படியான பேச்சே நடந்தது. இரண்டு சப்ளையர்களிடம் எழுத்தில் விலை கேட்க முடிவானது. மேடைப் பேச்சு ஒன்றும் இல்லை, மூன்று நிமிடம்தான் பேசியிருப்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

         

சரி, உங்கள் விஷயம். ஆபீஸில் ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள், முடிந்தால் தமிழ் தெரியாதவரை. உங்கள் ஊரையோ சம்பளத்தையோ பஸ் கட்டணத்தையோ தொடும் செய்தியாக எடுங்கள். கணக்கோடு போங்கள். திரும்பச் சொல்லும் விதியை முதல் நாளே வைத்துவிடுங்கள், எங்களைப் போலச் சண்டைக்குப் பிறகு வைக்காதீர்கள். ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. இன்றும் ‘தி’ எங்கே வரும், எங்கே வராது என்பதில் தவறுகிறேன், அதற்காகப் பேச்சை நிறுத்துவதில்லை.

2024இல் ஜூன் 12 மேட்டூர் திறக்கவில்லை. ஜூலையில் மழை கொட்டி, கர்நாடகத்தின் காவிரி அணையான கேஆர்எஸ் நிரம்பியது. மாதக் கடைசியில் ஒரு ராத்திரி தோழி வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பின்னால் தண்ணீர் விழும் இரைச்சல், அவளுடைய அதே வேகமான ஆங்கிலம். நான் ஊரில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். “பாப்பா, என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?” என்றார் அப்பா.

“கேஆர்எஸ்லேர்ந்து திறந்துட்டாங்களாம்ப்பா. அவங்க வயலுக்கும் வந்துருச்சாம். இனிமே உங்க பக்கம் வரும், அப்பாகிட்ட சொல்லுன்னு சொல்றா.”