மின்வெட்டிலும் எரியும் எல்இடி

கேள்வி: எங்கள் தோப்புக் கிணற்றில் உள்ள நீர்மட்ட சென்சார் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கி, 0 முதல் 4 வோல்ட் வரை சிக்னல் தருகிறது. அது 40 மீட்டர் கேபிள் வழியாக வீட்டிலுள்ள போர்டுக்கு வருகிறது. போர்டில், மின் அடாப்டரும் 7805 ரெகுலேட்டரும் தரும் 5 வோல்ட்டில் ஓபிஏ2340 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி) ஐசி இயங்குகிறது. இதுவரை மூன்று ஐசிகள் பழுதாகிவிட்டன. மின்வெட்டின்போதும் போர்டிலுள்ள எல்இடி மங்கலாக எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கவனித்த அந்த மங்கலான வெளிச்சத்திலேயே பழுதின் காரணம் தெரிகிறது. இந்த ஐசியின் உள்ளீட்டு முனைகள் ஒவ்வொன்றிலிருந்தும் மின்வழங்கல் முனைகள் இரண்டுக்கும் உள்ளேயே பாதுகாப்பு டையோடுகள் (ஒரே திசையில் மின்னோட்டத்தைக் கடத்துபவை) உள்ளன. உள்ளீடு, மின்வழங்கலை விட சுமார் அரை வோல்ட் கூடினாலோ தரையை விட அதே அளவு குறைந்தாலோ அவை கடத்தத் தொடங்கும். மின்வெட்டின்போது போர்டின் 5 வோல்ட் பூஜ்யமாகிவிடுகிறது. ஆனால் பேட்டரியில் இயங்கும் சென்சார் தொடர்ந்து 4 வோல்ட் தருகிறது. அந்த மின்னோட்டம் உள் டையோடு வழியாக 5 வோல்ட் மின்வழங்கல் தடத்துக்குள் புகுந்து, எல்இடியையும் எரிய வைக்கிறது. இந்த டையோடுகள் தாங்கும் அளவு 10 மில்லிஆம்பியர் மட்டுமே. ஆப்-ஆம்ப் உள்ளீட்டின் எல்லையை அந்த நொடியில் இருக்கும் மின்வழங்கலே தீர்மானிக்கிறது என்பதைப் பல சுற்று வரைபடங்கள் கணக்கில் கொள்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதலில், கேபிள் வந்து சேரும் இடத்தில் தொடராக ஒரு 10 கிலோஓம் மின்தடையைச் சேருங்கள். மின்வெட்டின்போது பாயும் மின்னோட்டம் அரை மில்லிஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். இந்த ஐசியின் உள்ளீட்டு மின்னோட்டம் அதிகபட்சம் 10 பிக்கோஆம்பியர் என்பதால் அளவீட்டில் பிழை வராது. பழைய 741 போன்ற ஐசியில் 80 நானோஆம்பியர் வரை சாதாரணமாக ஓடும். அங்கே இதே மின்தடை 0.8 மில்லிவோல்ட் பிழையை உண்டாக்கும்.

பம்ப்செட் வயரை ஒட்டிச் செல்லும் நீண்ட கேபிளில், மோட்டார் ஓடி நிற்கும்போதெல்லாம் மின்னழுத்தத் துள்ளல்கள் எழும். ஆகவே 10 கிலோஓமுக்கு அடுத்து, 5 வோல்ட்டுக்கு ஒன்றும் தரைக்கு ஒன்றுமாக இரண்டு 1என்4148 டையோடுகளை வைத்து, அங்கிருந்து ஐசிக்கு இன்னொரு 1 கிலோஓம் மின்தடை வழியாகச் செல்லுங்கள். இவற்றுக்குப் பதிலாக ஷாட்கி என்ற வகை டையோடை வைத்தால், அது இன்னும் குறைந்த மின்னழுத்தத்திலேயே கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் வெயில் நேரத்தில் அதன் கசிவு கூடும், 1 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே 10 கிலோஓமில் 10 மில்லிவோல்ட் பிழை வந்துவிடும்.

டையோடு திருப்பிவிடும் மின்னோட்டத்தை 7805 உள்வாங்காது, அது வெளியே தர மட்டுமே வல்லது. 50 வோல்ட் துள்ளல் ஒன்று சுமார் 4.4 மில்லிஆம்பியரை அந்தத் தடத்தில் தள்ளும், தடம் 5.5 வோல்ட்டைத் தாண்டினால் ஐசிக்கு ஆபத்து. அதனால் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே ஒரு 1 கிலோஓம் மின்தடையை இடுங்கள். அது எப்போதும் 5 மில்லிஆம்பியரை எடுத்துக்கொள்ளும். ஐசியின் மின்வழங்கல் முனையான 8-ஆம் முனைக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி கட்டாயம் வேண்டும். இந்த ஐசிக்குள் இரண்டு ஆப்-ஆம்ப்கள் உள்ளன, பயன்படுத்தாத மற்றொன்றின் உள்ளீடுகளை எதிலும் இணைக்காமல் வெறுமனே விடாதீர்கள்.

அருகில் விழும் இடியை இந்த ஏற்பாடு தாங்காது. அதற்குக் கேபிள் நுழையும் இடத்தில் தனியாக டிவிஎஸ் டையோடு (திடீரென எழும் உயர் மின்னழுத்தத்தை அடக்குவது) தேவை.

எல்லாவற்றையும் பொருத்திய பின், சென்சார் 4 வோல்ட் தரும் நிலையில் போர்டின் அடாப்டரைக் கழற்றி 5 வோல்ட் தடத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும், எல்இடி முழுவதும் அணைந்திருக்க வேண்டும்.