ஈ.ஆர்.பி. ஓடும் சர்வரிலேயே 5ஜி நெட்வொர்க்கையும் ஓட்டலாமா?

கேள்வி: வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஐ.டி. பிரிவைக் கவனிக்கிறேன். ஆலைக்கென்று தனியாக 5ஜி போட நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அலைக்கற்றையை ஒரு மொபைல் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். விற்க வந்தவர்கள், "எல்லாமே வர்ச்சுவல், சாதாரண சர்வர் போதும்" என்கிறார்கள். ஈ.ஆர்.பி. (கணக்கு, கொள்முதல், இருப்பு ஆகியவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடும் எங்கள் சர்வர்களில் பாதித் திறன் சும்மாதான் கிடக்கிறது. அதிலேயே இதையும் ஏற்றிவிடலாமா, தனி சர்வர் வாங்க வேண்டுமா?

பதில்: கோர் நெட்வொர்க்கின், அதாவது கருவிகளைப் பதிவு செய்து டேட்டாவை வழிநடத்தும் மையப் பகுதியின், பெரும்பகுதியைத் தாராளமாக ஏற்றலாம். ரேடியோ பக்கத்து மென்பொருளை மட்டும் எக்காரணம் கொண்டும் அந்த சர்வர்களில் வைக்காதீர்கள். அதற்குத் தனி சர்வர் வேண்டும். இந்தச் செலவை நிர்வாகத்திடம் நீங்கள் நியாயப்படுத்த வேண்டியிருக்கும் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் மொபைல் நெட்வொர்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. அதில் அந்த நிறுவனத்தின் வன்பொருள், அதற்குள் அதே நிறுவனத்தின் மென்பொருள். 2012 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த மாநாட்டில் ஏ.டி.அண்ட்.டி., பி.டி., டாய்ச் டெலிகாம் உள்ளிட்ட நிறுவனங்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. கடையில் கிடைக்கும் சாதாரண சர்வரிலேயே இந்த வேலைகளை மென்பொருளாக ஓட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முதலில் அவை வர்ச்சுவல் மெஷின்களாக (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினிகள்) வந்தன, அப்புறம் அவற்றைவிட இலகுவான பொதிகளான கன்டெய்னர்களாகி, அவற்றை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் ஏறின. 5ஜி கோரை, மொபைல் தரநிலைகளை எழுதும் 3ஜி.பி.பி. அமைப்பு வகுத்தபோதே அதைச் சின்னச் சின்ன மென்பொருள் சேவைகளாகத்தான் வகுத்தது.

கருவியைப் பதிவு செய்ய ஏ.எம்.எஃப்., இணைப்பை உருவாக்க எஸ்.எம்.எஃப்., எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று சொல்ல என்.ஆர்.எஃப். இவை ஒன்றோடொன்று, இணையதளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி./2 வழியாகப் பேசிக்கொள்கின்றன. உங்கள் ஈ.ஆர்.பி.யின் வெப் சேவைகளுக்கும் இவற்றுக்கும் நடத்தையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆலையில் சில நூறு கருவிகள் இருக்குமா? அந்தச் சுமை ஒன்றுமே இல்லை. ஏ.எம்.எஃப். சில மில்லி விநாடி தாமதமாகப் பதில் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. இவற்றை இருக்கிற சர்வர்களிலேயே வையுங்கள். ஒரே சேவையின் இரண்டு நகல்கள் ஒரே சர்வரில் போய் உட்காராதபடி விதி எழுதிவிடுங்கள்.

கோரில் டேட்டாவைக் கடத்தும் யு.பி.எஃப். கொஞ்சம் வேறு மாதிரி. ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டும் அதன் வழியாகத்தான் போகும். வேகத்துக்காகப் பல யு.பி.எஃப்.கள் டி.பி.டி.கே. என்ற முறையில் இயங்குகின்றன. பாக்கெட் வந்ததும் சொல் என்று காத்திருக்காமல், வந்ததா வந்ததா என்று நெட்வொர்க் கார்டை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆலையில் ஒரு கருவிகூட ஓடாத நள்ளிரவிலும் அந்த சி.பி.யு. கோர்கள் 100 சதவீதம் என்றே காட்டும். உங்கள் கண்காணிப்புத் திரையில் சிவப்பு எரியும். பதறாதீர்கள், அது கோளாறு இல்லை. அந்தக் கோர்களை வேறு எந்த வர்ச்சுவல் மெஷினுக்கும் பங்கு போடாமல் ஒதுக்கிவிட்டு, அலாரத்தையும் மாற்றி அமையுங்கள். கூடவே நெட்வொர்க் கார்டின் ஒரு பகுதியை எஸ்.ஆர்.ஐ.ஓ.வி. என்ற முறையில் நேராக யு.பி.எஃப்.புக்குக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தால், ஓடுகிற நிலையிலேயே அதை வேறு சர்வருக்கு நகர்த்தும் வசதி பெரும்பாலும் போய்விடும். பராமரிப்புக்கு அந்த வசதியை நம்பியிருக்கிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டி.யு.வுக்கு வருவோம். ரேடியோவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிக்னலைப் பிரித்துச் சேர்க்கும் மென்பொருள் இது. என் தனி சர்வர் பிடிவாதம் இதற்காகத்தான். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5ஜி பொதுவாக அரை மில்லி விநாடி ஸ்லாட்டுகளாக (நேரத் துண்டுகள்) ஓடும். ஒரு ஸ்லாட்டில் 14 சிம்பல்கள், அதாவது இன்னும் சிறிய சிக்னல் துண்டுகள். ஒரு சிம்பலுக்குக் கிடைப்பது சுமார் 36 மைக்ரோ விநாடி. ஈ.ஆர்.பி.யின் மாதக் கடைசிக் கணக்கு ஓடும்போது, வர்ச்சுவல் மெஷின்களுக்கு சி.பி.யு.வைப் பங்கிடும் ஹைப்பர்வைசர் டி.யு.வை 100 மைக்ரோ விநாடி நிறுத்திவைத்தால், ஈ.ஆர்.பி. பயனருக்கு அது தெரியவே தெரியாது. டி.யு.வுக்கோ கிட்டத்தட்ட மூன்று சிம்பல்கள் போச்சு. இது அடிக்கடி நடந்தால் ரேடியோ இணைப்பே அறும். எங்கே கோளாறு என்று தெரியாமல் ஆண்டெனாவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

டி.யு. சர்வரில், வேலையைக் குறித்த நேரத்துக்குள் கவனிக்கும் ரியல்டைம் லினக்ஸ் கெர்னல் இருக்க வேண்டும். அதற்கான சி.பி.யு. கோர்களைத் தனியே ஒதுக்க வேண்டும். மின்சாரம் சேமிக்க சி.பி.யு. தூங்கப்போகும் அமைப்பை பயாஸில் அணைத்துவிட வேண்டும். நேரம் இன்னொரு தலைவலி. கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் டி.டி.டி. முறையில், கடிகாரங்கள் 1.5 மைக்ரோ விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். மாடியில் ஒரு ஜி.பி.எஸ். ஆண்டெனா, பி.டி.பி. (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) நேரத்தைச் சரியாகக் கடத்தத் தெரிந்த ஸ்விட்ச் இரண்டையும் பட்ஜெட்டில் சேருங்கள். அலுவலகத்தில் இருக்கும் பழைய ஸ்விட்ச் இதற்கு ஆகாது.

ரேடியோ பக்கத்தை மென்பொருளாக்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ரகுடென் மொபைல் 2020 ஏப்ரலில் கோரோடு ரேடியோ பக்கத்தையும் வர்ச்சுவலாக்கிய 4ஜி சேவையை வணிக அளவில் தொடங்கிக் காட்டியது. ஆனால் அங்கேயும் டி.யு.வுக்கென்றே சர்வர்கள் ஒதுக்கினார்கள், கனமான கணக்குகளுக்கு எஃப்.பி.ஜி.ஏ. (வேலைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் சிப்) கார்டுகளைச் செருகினார்கள். விற்பவர் சொல்லும் "சாதாரண சர்வர்" என்பதில் அப்படி ஒரு கார்டு உண்டா, அதன் விலை கொட்டேஷனில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரே நெட்வொர்க்கைப் பல தனி நெட்வொர்க்குகள் போலப் பிரிக்கும் நெட்வொர்க் ஸ்லைசிங் பற்றியும் சொல்லியிருப்பார்கள். தானியங்கி வண்டிகளுக்கு ஒரு ஸ்லைஸ், சி.சி.டி.வி.க்கு ஒரு ஸ்லைஸ் என்று பிரிப்பது நல்ல யோசனைதான். வர்ச்சுவலாக்கியதால் ஆளுக்கொரு யு.பி.எஃப். எழுப்புவது சுலபம். ஆனால் கோரில் மட்டும் பிரித்தால் போதாது. காற்றில் இருப்பது ஒரே அலைக்கற்றை, அதைப் பங்கிடுவது டி.யு.வில் இருக்கும் ஷெட்யூலர். அது ஸ்லைஸை மதிக்காவிட்டால், கேமரா வீடியோ குவியும்போது வண்டிக்கான கட்டளை வரிசையில் நிற்கும்.

2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் என்று இரண்டு நெட்வொர்க்குகள் ஒரே நாளில் படுத்தன. எரிக்சன் வழங்கிய கோர் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். ஒரே மென்பொருள் எத்தனை சர்வரில் இருந்தாலும் தேதி எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான் முடியும், இரண்டாவது சர்வர் காப்பாற்றாது. எல்லாச் சான்றிதழ்களின் காலாவதித் தேதிகளையும் எழுத்தில் வாங்கி உங்கள் காலண்டரில் ஏற்றுங்கள். இணையம் துண்டிக்கப்பட்டால் லைசென்ஸ் சரிபார்ப்பு நின்று நெட்வொர்க்கும் நிற்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் போடும் முன் உங்கள் ஆட்களுக்குக் கை பழகட்டும். ஓப்பன்5ஜிஎஸ் என்ற இலவச கோரையும், போனையும் டவரையும் மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் யு.இ.ரான்சிம்மையும் ஒரு பழைய கணினியில் ஏற்றினால் போதும், ரேடியோ எதுவும் தேவையில்லை. ஒரு கருவி பதிவாகும்போது ஏ.எம்.எஃப். லாகில் என்ன ஓடுகிறது என்று வரி வரியாகப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: ஓப்பன்5ஜிஎஸ், மோங்கோடிபி என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறது. மோங்கோடிபி 5.0 முதல் எக்ஸ்86 (இன்டெல், ஏ.எம்.டி. வகை) சி.பி.யு.வில் ஏ.வி.எக்ஸ். என்ற கணக்கீட்டு வசதி கட்டாயம். வர்ச்சுவல் மெஷினின் சி.பி.யு. வகை அதை மறைத்திருந்தால் டேட்டாபேஸ் கிளம்பவே கிளம்பாது, வகையை மாற்றிவிடுங்கள்.

கடைசியில் டி.யு. சர்வரை ஒப்படைக்கும் நாள். சர்வர் ஒரு வேலையைக் குறித்த நேரத்திலிருந்து எவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறது என்று அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவியை முழுச் சுமையோடு ஓர் இரவு முழுக்க ஓட்டச் சொல்லுங்கள். காலையில் அவர்கள் சராசரியைக் காட்டுவார்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் அதிகபட்ச எண்ணைக் கேளுங்கள். அது 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், தாண்டினால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை பணத்தை விடாதீர்கள்.